முத்து வெண்மை: பெரிய என்டர்பிரைஸ் மாடலுக்கு வண்ணம் பூசி முடிக்கும் முறை

போலார் லைட்ஸ் நிறுவனம் 2005-இல் வெளியிட்ட 1/350 அளவிலான என்டர்பிரைஸ் விண்கப்பல் கிட்டை (பாகங்களாக வரும் மாடல் தொகுப்பை) முழுமையாக இணைத்து முடித்தால் அது ஏறத்தாழ 87 செ.மீ. நீளம் வரும், முன்புறமுள்ள வட்டத் தட்டு மட்டுமே சுமார் 40 செ.மீ. விட்டம் கொண்டது. 1979-இல் வந்த முதல் ஸ்டார் ட்ரெக் திரைப்படத்துக்காகப் புதிதாக வடிவமைக்கப்பட்ட கப்பல் இது. பாகங்களைப் பொருத்துவது பொறுமையுள்ள எவருக்கும் கைகூடும். வண்ணத்தில்தான் பெரும்பாலான மாடல்கள் கெடுகின்றன. சிறிய மாடலில் கண்ணுக்குத் தப்பிவிடும் குறை இவ்வளவு பெரிய பரப்பில் தப்பாது என்பது ஒரு காரணம். செய்தவரின் உழைப்பு வெளியே தெரிய வேண்டும் என்ற ஆசையில் பேனல்களின் (கப்பலின் மேற்பரப்பை மூடும் தகடுகளின்) நிற வேறுபாட்டைத் தேவைக்கு மேல் அழுத்திக் காட்டிவிடுவது இன்னொரு காரணம். இந்தக் கப்பல் எதிரே நின்று பார்க்கையில் ஒரே வெண்மையாகத் தெரிய வேண்டும். பார்ப்பவர் நகரும்போதோ வெளிச்சம் சாய்ந்து விழும்போதோ மட்டுமே பேனல்கள் தனித்தனியாக எழுந்து வர வேண்டும். கீழே சொல்லும் முறைகள் அனைத்தும் இதை மனத்தில் வைத்தே அமைந்தவை.

வேலை தொடங்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்வது நல்லது. படப்பிடிப்புக்கென்று செய்யப்பட்ட மாடல் 8 அடி நீளமானது. பால் ஓல்சன் என்ற ஓவியர் அதன் மேல் முத்துப் பளபளப்புள்ள வண்ணங்களை மெல்லிய அடுக்குகளாகத் தெளித்து, ஆர்வலர்கள் இன்று ஆஸ்டெக் என்று அழைக்கும் பின்னல் வடிவத்தை உருவாக்கினார். 1982-இல் வந்த இரண்டாம் படத்துக்காக அதே மாடலைப் பயன்படுத்தியபோது, பின்னணியை மாற்றுவதற்கான நீலத் திரைக்கு முன்னால் அந்தப் பளபளப்பு தொல்லை தந்ததால், இன்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் என்ற சிறப்புக் காட்சி நிறுவனத்தார் மேற்பரப்பை மங்கலாக்கிவிட்டார்கள். எனவே முத்துப் பளபளப்பும் சரியே, மங்கிய வெண்மையும் சரியே. இரண்டையும் கலந்து செய்வதுதான் சரியன்று. மங்கிய வெண்மை எளிது, விரைவில் முடியும். நான் இங்கே விளக்குவது முதல் படத்தின் முத்து வெண்மையை, ஏனெனில் இந்த வடிவமைப்பின் முழு அழகும் அதில்தான் இருக்கிறது.

பாகங்களை, அவை இணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டுவதற்கு முன்பே, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் அவற்றைக் கழுவி உலர்த்த வேண்டும். தொழிற்சாலையில் பிளாஸ்டிக் அச்சிலிருந்து கழன்று வருவதற்காகப் பூசப்படும் எண்ணெய்ப் பசை ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் பிரைமர் பிடிக்காது. பின்னாளில் மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போது வண்ணமும் சேர்ந்து உரிந்து வரும். பிறகு கப்பலை நான்கு பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளலாம்: வட்டத் தட்டு, கழுத்தோடு சேர்ந்த கீழ் உடல், இரண்டு எஞ்சின் கூடுகள். இவற்றைத் தனித்தனியே வண்ணம் பூசி முடித்து, இறுதியில் சேர்த்தால் போதும். தட்டும் கழுத்தும் சேரும் இடத்திலும், கீழ் உடலிலிருந்து நீளும் தாங்கியும் எஞ்சின் கூடும் சேரும் இடத்திலும் கப்பலின் வடிவமைப்பிலேயே ஒரு கோடு இருப்பதால், பின்னர் சேர்த்த தடம் கண்ணை உறுத்தாது. ஒவ்வொரு பகுதியிலும் வெளியே தெரியாத ஓர் இடத்தில் மரக்குச்சியையோ குழாயையோ செருகி, அதைப் பிடித்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். விரலின் எண்ணெய் பட்ட இடம் முத்து வண்ணத்தில் மறையாது.

இணைப்புக் கோடுகளைப் பட்டி பார்ப்பதில் அவசரம் கூடாது. கார் பட்டறையில் சொல்வதைப் போலவே, பட்டியை ஒரே கனத்தில் அப்பாமல் இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகளாக இட்டு, ஒவ்வொன்றும் முழுதாகக் காய்ந்த பின் தேய்க்க வேண்டும். பாதி காய்ந்த பட்டி, வண்ணம் பூசிய சில வாரங்களில் உள்ளே இறங்கி ஒரு பள்ளத்தைக் காட்டும். உப்புத்தாளில் 400-இல் தொடங்கி 600, 1000 என்று ஏறி, கடைசித் தேய்ப்பை நீர் விட்டுச் செய்வது நல்லது. தட்டின் விளிம்பைத் தேய்க்கும்போது தாளை விரலில் சுற்றாமல் ஒரு தட்டையான கட்டையில் சுற்றிக்கொள்ள வேண்டும். விரல் அழுத்தத்தில் உண்டாகும் அலை, பளபளப்பான பூச்சின் மேல் வெளிச்சம் ஓடும்போது உடனே தெரியும். கிட்டில் பொறித்துள்ள பேனல் கோடுகள் அழிந்துபோனால் கூர்மையான ஊசியாலும் வளைந்து கொடுக்கும் அளவுகோலாலும் மீண்டும் கீறிக்கொள்ளலாம். அந்தக் கோடுகளில் கருப்பு வாஷ் (மிகவும் நீர்த்த வண்ணம்) ஊற்றிக் காட்டும் பழக்கம் போர் விமான மாடல்களிலிருந்து வந்தது. இந்தக் கப்பலுக்கு அது ஆகாது. முந்நூறு மீட்டர் நீளக் கப்பலின் பேனல் இடுக்கு தொலைவிலிருந்து கருங்கோடாகத் தெரிய வழியில்லை.

விளக்கு வைப்பதாக இருந்தால் அது வண்ணத்துக்கு முன்னரே முடிவாக வேண்டிய காரியம். 12 வோல்ட் நேர்மின்னோட்ட அடாப்டர் ஒன்று போதும். வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்குச் சுமார் 3.2 வோல்ட் வேண்டியிருப்பதால் மூன்றை வரிசையாகக் கோத்தால் 9.6 வோல்ட் செலவாகும், மிச்சமுள்ள 2.4 வோல்ட்டுக்கு 180 ஓம் மின்தடையை வைத்தால் 13 மில்லி ஆம்பியர் அளவில் மின்சாரம் ஓடும், விளக்கும் சூடாகாது. ஓட்டிப் பார்க்காமல் எதையும் உள்ளே வைத்து ஒட்டக் கூடாது. இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை என்பது கடலில் ஓடும் கப்பல்களின் வழக்கம். இந்தக் கப்பலும் அதையே பின்பற்றுகிறது. கீழ் உடலின் முன்புறமுள்ள வட்டமான டிஃப்ளெக்டர் மெதுவான பயணத்தில் பழுப்பு மஞ்சளாகவும், ஒளியை மிஞ்சும் வார்ப் வேகத்தில் நீலமாகவும் ஒளிரும். இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, எஞ்சின் கூட்டின் உட்பக்க ஒளியையும் அதற்குப் பொருந்தவே அமைக்க வேண்டும்; டிஃப்ளெக்டர் மஞ்சளாக இருக்கையில் எஞ்சின் கூடுகள் இருண்டிருப்பதே முறை.

வெண்ணிறப் பிளாஸ்டிக் ஒளியைத் தடுக்காது. உட்புறத்தில் எதுவும் பூசாமல் விளக்கை ஏற்றினால் தட்டு முழுவதும் காகித விளக்குக் கூடு போல ஒளிரும், அதன் மேல் செய்த வண்ண வேலை எதுவும் தெரியாது. எனவே உட்புறம் முழுவதும் முதலில் கருப்பு வண்ணத்தை இரண்டு முறை பூச வேண்டும், அதன் மேல் வெள்ளையோ வெள்ளியோ பூச வேண்டும். கருப்பு ஒளியைத் தடுக்கும், மேற்பூச்சு அதைச் சன்னல்களை நோக்கித் திருப்பிவிடும். பூச்சு காய்ந்த பின் இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, பாகத்தின் உள்ளே ஒரு எல்.இ.டி.யை மெதுவாக நகர்த்திக்கொண்டே வெளிப்புறத்தைக் கவனித்தால் கசிவுகள் தெரியும். குண்டூசித் தலை அளவு ஒளிப் புள்ளி தெரிந்தால், அந்த இடத்தை வெளியே பென்சிலால் குறித்துக்கொண்டு, உள்ளே தூரிகையால் ஒரு சொட்டுக் கருப்பை வைக்க வேண்டும். இணைப்புக் கோட்டின் நெடுகே மெல்லிய ஒளிக்கீற்று ஓடினால் அதற்கு வண்ணம் போதாது. உட்புறத்தில் அலுமினிய நாடாவை ஒட்டுவதே வழி. அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், அருகில் செல்லும் கம்பி இணைப்புகளை முன்னதாகவே சூட்டில் சுருங்கும் குழாயால் மூடிவிட வேண்டும். தட்டின் மேல்பாதியையும் கீழ்பாதியையும் ஒட்டிய பிறகு இந்தக் கசிவுகளைச் சரிசெய்ய வழியே இல்லை என்பதால், இந்தச் சோதனைக்கு எத்தனை மாலைகள் போனாலும் தகும்.

சன்னல்களைக் காப்பது அடுத்த வேலை. ஒளிபுகும் சன்னல் பாகங்களை உள்ளிருந்து பொருத்திய பின், ஒவ்வொரு சன்னலின் மேலும் திரவ மாஸ்க்கை (காய்ந்ததும் படலமாகி, பின்னர் உரித்தெடுக்கக்கூடிய திரவத்தை) பல்குச்சி முனையால் வைத்து உலரவிட வேண்டும். விளிம்பைத் தாண்டி வழிந்தால் நனைந்த குச்சியால் உடனே ஒதுக்கிவிடலாம். மாஸ்க் நீல நிறமாக இருப்பது வசதி. இல்லையெனில் வெண்மையின் மேல் எதை மூடினோம், எதை விட்டோம் என்பது தெரியாது. எல்லாச் சன்னல்களும் ஒரே அளவில் ஒளிர்ந்தால் கப்பல் கடைவீதி அலங்காரமாகிவிடும். ஆங்காங்கே சில சன்னல்களை உட்புறத்தில் கருப்பால் மூடிவிடுவதும், சிலவற்றின் பின்னால் மெல்லிய மஞ்சள் தாளை ஒட்டுவதும் பார்வைக்கு இயல்பாக இருக்கும்.

பிரைமருக்கு மிஸ்டர் சர்ஃபேசர் 1000 அல்லது 1500 போன்ற சாம்பல் நிறப் பூச்சு ஏற்றது. இது குறைகளைக் காட்டுவதற்காகவே பூசப்படுவது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பூசி, சாய்வான வெளிச்சத்தில் பார்த்து, தென்பட்ட கீறலையும் பள்ளத்தையும் சரிசெய்து, அந்த இடத்தில் மட்டும் மீண்டும் பூசுவது என்று இது இரண்டு மூன்று சுற்று போகும். இந்தக் கட்டத்தில் ஒரு குறையை ‘வண்ணம் மூடிவிடும்’ என்று விட்டால், முத்து வண்ணம் அதையே முதலில் எடுத்துக்காட்டும். நம் ஊரில் ஹார்டுவேர் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் என்.சி. தின்னரை இங்கே பயன்படுத்துவது ஆபத்து. மரச்சாமான் பாலிஷுக்கு அது போதும், ஆனால் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை அது கரைத்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிவிடும். வண்ண நிறுவனமே தரும் தின்னரை மட்டும் பயன்படுத்துவது நல்லது.

அடிப்பூச்சு முழு வெள்ளையாக இருக்கக் கூடாது. வெள்ளையில் சாம்பலைச் சிறிதளவும் நீலத்தை ஒரு சொட்டும் கலந்த, பளபளப்பான வெண்மை வேண்டும். முழு வெள்ளையைப் பூசிவிட்டால் அதற்கு மேல் வெளிச்சத்தைக் காட்ட இடமே இருக்காது. கப்பல் முழுவதற்கும் தேவையான அளவை ஒரே புட்டியில் ஒரே முறையில் கலந்து வைத்துக்கொள்வது முக்கியம், ஏனெனில் பாதியில் தீர்ந்து மறுபடி கலந்த நிறம் முதல் நிறத்தோடு ஒத்துப்போவது அரிது. ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் கருவி) முனை 0.5 மி.மீ. இருந்தால் தட்டு போன்ற பெரிய பரப்பைத் தடம் தெரியாமல் மூடலாம், 0.3 மி.மீ. முனையில் ஒரு பக்கம் முடிப்பதற்குள் மறுபக்கம் காய்ந்து, பூச்சுகள் சேரும் இடத்தில் சொரசொரப்பான கோடு விழும். அழுத்தம் 15 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை இருக்கலாம். தட்டைச் சுழலும் பலகையில் வைத்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஆரமாகத் தெளித்துக்கொண்டு போனால், பூச்சில் உண்டாகும் சிறு வேறுபாடுகூடக் கப்பலின் வடிவத்தோடு ஒத்துப்போகும்.

இனி ஆஸ்டெக் வடிவம். தட்டின் மேற்பரப்பில் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த வளையங்கள், அவற்றை வெட்டும் ஆரக் கோடுகள், அவற்றுக்கிடையே படிக்கட்டுப் போல மடிந்து செல்லும் பேனல்கள் என்று இது அமையும். இதற்கெனத் துல்லியமாக வெட்டிய வினைல் மாஸ்க்குகள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் அச்சுப் படம்) வடிவிலும் கிடைக்கின்றன. நான் மாஸ்க்கையே பரிந்துரைப்பேன். டெக்கால் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதன் மேல் முத்து ஒளி நகர்வதில்லை. அது அச்சிட்ட நிறமாகவே நின்றுவிடும்.

முத்து வண்ணத்தில் இருப்பது மைகா (அப்பிரகம்) எனும் கனிமத்தின் துகள். ஒவ்வொரு துகளும் ஒரு சிறு கண்ணாடிபோல் ஒளியைத் திருப்புவதால், அதன் அடர்த்தியும் அது படிந்திருக்கும் விதமும் மாறினாலே நிறம் மாறியதாகத் தோன்றும். இதைப் புரிந்துகொண்டால் வேலை எளிதாகிறது. நான்கு வெவ்வேறு சாம்பல்களைக் கலக்க வேண்டியதில்லை. வெண் முத்து வண்ணத்தில் ஒன்றில் மிகச் சிறிதளவு நீலம், மற்றொன்றில் சிறிது பொன், மூன்றாவதில் சிறிது பச்சை என்று ஒளிபுகும் சாயலாக மட்டும் சேர்த்து, ஒவ்வொரு மாஸ்க் தொகுதிக்கும் ஒன்றைப் பயன்படுத்தினால் போதும். மாஸ்க்கை உரிக்கும் முன் ‘ஒன்றுமே பூசவில்லையே’ என்ற ஐயம் எழுமளவுக்கு மெல்லிய பூச்சாக இருக்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் பேனல் தெளிவாகத் தெரிந்தால் அது கூடிப்போய்விட்டது என்று பொருள். அதன் மேல் வெண் முத்தை ஒருமுறை தூவி அடக்கிக்கொள்ளலாம். மைகா கிண்ணத்தின் அடியில் விரைவாகத் தங்கிவிடும். எனவே சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஏர்பிரஷ் முனையை விரலால் மறைத்துக் காற்றைப் பின்னோக்கித் தள்ளி வண்ணத்தைக் கிளறிவிட வேண்டும். இல்லாவிட்டால் தட்டின் ஒரு பாதி மின்னும், மறுபாதி மங்கும். 0.2 மி.மீ. முனையில் துகள் அடைத்துக்கொள்ளும் என்பதால் 0.3-க்குக் குறையாத முனை வேண்டும்.

மாஸ்க்கை ஒட்டும் முன் அடிப்பூச்சு குறைந்தது இரண்டு நாள் காய்ந்திருக்க வேண்டும். வினைலின் பசை கூடுதலாக இருந்தால் சுத்தமான துணியில் ஒருமுறை ஒட்டி எடுத்து அதன் பிடியைக் குறைத்துக்கொள்ளலாம். ஒட்டும்போது தட்டின் நடுவிலுள்ள கோட்டில் முதல் மாஸ்க்கை நிறுத்தி, எதிரெதிர்ப் பக்கங்களாக மாற்றி மாற்றி ஒட்டிக்கொண்டு போக வேண்டும்; ஒரே திசையில் சுற்றிவந்தால் மாஸ்க்குக்கு அரை மி.மீ. பிழை சேர்ந்து சேர்ந்து கடைசித் துண்டு இடம் பொருந்தாமல் நிற்கும். ஓரங்களை நகத்தால் அழுத்தாமல் மரக்குச்சியின் தட்டை முனையால் அழுத்த வேண்டும். உரிப்பதற்கு உகந்த நேரம், பூச்சு தொட்டால் ஒட்டாத ஆனால் முழுதாக இறுகாத நேரம். ஊசி முனையால் ஒரு மூலையைக் கிளப்பி, அந்தத் துண்டை அதன் மேலேயே மடித்து, மேற்பரப்போடு படிந்தபடி மெதுவாகப் பின்னோக்கி இழுத்தால் விளிம்பு சுத்தமாக நிற்கும். நிமிர்த்தி மேல்நோக்கி இழுத்தால் விளிம்பில் மெல்லிய கரை எழும்பும். அப்படி எழும்பிய கரையை, அடுத்த தொகுதிக்குப் போகும் முன், 4000 எண் தேய்ப்புத் துணியால் நீர் விட்டு இரண்டொரு முறை வருடிவிட்டால் போதும். அழுத்தித் தேய்த்தால் முத்து அடுக்கே போய்விடும்.

கீழ் உடலிலும் எஞ்சின் கூடுகளிலும் இந்த வடிவம் இன்னும் அடங்கியே இருக்க வேண்டும், வளைந்த பரப்பில் ஒளி தானாகவே மாறிக்கொண்டிருப்பதால். டிஃப்ளெக்டரைச் சுற்றியுள்ள பகுதிக்கும் கழுத்துக்கும் நீலம் கலந்த வெளிர் சாம்பல் பொருந்தும். எஞ்சின் கூட்டின் உட்பக்கக் கிரில்லை அடர்சாம்பலில் தனியாகப் பூசிப் பின்னர் பொருத்திக்கொள்ளலாம்.

டெக்கால் வேலைக்கு மேற்பரப்பு பளபளப்பாக இருந்தாக வேண்டும். மேட் (பளபளப்பற்ற) பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளிப் படலம் தோன்றும். முத்து அடுக்கின் மேல் பளபளப்பான கிளியர் கோட்டை (நிறமற்ற பூச்சை) இருமுறை தெளித்து, முழுதாகக் காய்ந்த பின்பே டெக்காலைத் தொட வேண்டும். கப்பலின் பெயரும் என்சிசி-1701 என்ற எண்ணும் தட்டின் வளைவோடு ஒட்டிக் கிடக்க டெக்காலைப் படியவைக்கும் திரவங்களான மைக்ரோ செட்டை அடியிலும் மைக்ரோ சோலை மேலும் இட வேண்டும். மைக்ரோ சோல் பட்டவுடன் டெக்கால் சுருங்கி மடிந்து அச்சமூட்டும். கை வைக்காமல் விட்டால் தானே படிந்துவிடும். கீழ் உடலிலும் எஞ்சின் கூடுகளிலும் ஓடும் நீண்ட சிவப்புப் பட்டைகளை ஒரே துண்டாக ஒட்ட முயல்வது வீண் துணிச்சல். பேனல் கோடுகள் வெட்டும் இடங்களில் நறுக்கிப் பகுதி பகுதியாக ஒட்டினால் இணைப்பு கோட்டுக்குள் மறைந்துவிடும்.

இறுதிப் பூச்சில்தான் பலர் தடுமாறுகிறார்கள். டெக்காலின் பளபளப்பை மறைக்க மேட் கிளியரைத் தெளித்துவிட்டால் முத்துப் பளபளப்பும் அதோடு போய்விடும், ஏனெனில் மேட் பூச்சு ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடித்து மைகாத் துகளின் திசையொளியை மூடிவிடுகிறது. அரைப் பளபளப்புள்ள கிளியரே இங்கே ஏற்றது. அதையும் மூன்று மெல்லிய பூச்சுகளாக இட வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் லாக்கர் கிளியர் பால்போல் வெளுத்துவிடும். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்கள் மழை நாளைத் தவிர்த்து, ஏ.சி. ஓடி உலர்ந்த அறையில் தெளிப்பதும், கம்ப்ரசர் குழாயில் நீர் பிரிப்பான் வைத்திருப்பதும் அவசியம். வெளுத்தாலும் கலங்க வேண்டாம். உலர்ந்த நாளில் மெதுவாகக் காயும் தின்னரை மட்டும் ஒருமுறை மெல்லத் தூவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

லாக்கர் வேலை முழுவதற்கும் கரிமக் கரைப்பான் ஆவியைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். துணி முகக்கவசத்தால் எந்தப் பயனும் இல்லை. ஆவியை வெளியேற்றும் விசிறி ஓட வேண்டும். அடுப்போ பூஜை விளக்கோ அதே அறையில் எரியக் கூடாது. கார் கிளியராக விற்கும் இரு பாக யூரத்தேன் பூச்சு மிக அழகாகப் படியும் என்றாலும் அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குப் பெருங்கேடு, வீட்டில் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

சேர்க்கும்போது முதலில் கீழ் உடலை நிலைத்தாங்கியில் நிறுத்தி, மின்கம்பிகளை அந்த நிலைத்தாங்கியின் வழியே இறக்கிவிட்டு, அதன் பிறகு எஞ்சின் கூடுகளைப் பொருத்த வேண்டும். எஞ்சின் கூடுகளின் நீண்ட தாங்கிகளின் நுனியில் எடை தொங்குவதால் நாளடைவில் அவை சாயக்கூடும். ஒட்டும் முன்பே தாங்கிக்குள் 2 மி.மீ. பித்தளைக் கம்பியைச் செருகி, எபாக்சி பசை இறுகும்வரை இரு பக்கமும் புத்தகங்களை அடுக்கி நிறுத்தினால் கோணம் மாறாது. தட்டு கடைசியில் அமரும். சன்னல் மாஸ்க்குகளை அதன் பிறகே, ஊசி முனையால் நடுவில் குத்தி ஒவ்வொன்றாகக் கிளப்பி எடுக்கலாம். மாடலை வைக்கும் இடத்தில் நேர் வெயில் படக் கூடாது, கிளியர் கோட் மஞ்சளாகிவிடும். விளக்கைத் தலைக்கு மேலே வைக்காமல் பக்கவாட்டில் தாழ்வாக வைத்தால் பேனல்கள் தெரியும். தூசியைத் துணியால் துடைத்தால் கிரில்லிலும் ஆன்டெனாவிலும் இழை சிக்கிக்கொள்ளும். ஒப்பனைக்குப் பயன்படும் அகன்ற மென்தூரிகையே போதும்.